பழைய நாடகங்களைப் பிள்ளைகளுக்குக் காமிக்ஸாக மாற்ற முடியுமா?

கேள்வி: மனோன்மணீயம், வள்ளி திருமணம், ஷேக்ஸ்பியர் மாதிரியான நாடகங்களைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் படிக்கிற காமிக்ஸாக ஆக்க முடியுமா? ஆக்கினால் மூலம் கெட்டுப் போகாதா?

தாராளமாக முடியும். நாவலை விட நாடகம்தான் காமிக்ஸுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டிலும் ஆசிரியர் குறுக்கே வந்து விளக்கம் சொல்வதில்லை. ஆட்கள் நம் கண்முன்னே நின்று பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பொய் சொல்கிறார்கள். அதனால் நான் விடாப்பிடியாக வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: படத்துக்கு மேலே பெட்டி போட்டுக் கதை சொல்லக் கூடாது. "இதற்கிடையே அமைச்சன் சூழ்ச்சி செய்தான்" என்று ஒரு பெட்டியில் எழுதிவிட்டால் நாடகம் அங்கேயே முடிந்தது. மிச்சம் இருப்பது படம் போட்ட கோனார் உரை.

திருப்பூரில் பனியன் துணிகளுக்குப் பிரிண்டிங் டிசைன் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படக்கதை வரைகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மனோன்மணீயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் பள்ளியில் 'நீராருங் கடலுடுத்த' பாடுகிற பிள்ளைக்கு, அது ஒரு நாடகத்தின் முகப்பில் வருகிற வாழ்த்து என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாடகம். ஐந்து அங்கம், இருபது களம், பெரும்பாலும் அகவல் நடை. பெரியவர்களே நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க வேண்டும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? அரசனைக் கவிழ்க்கப் பார்க்கும் அமைச்சன், முனிவர் ஒருவர் ரகசியமாகத் தோண்டுகிற சுரங்கம், கனவில் மட்டுமே பார்த்துக்கொண்ட இளவரசியும் சேர அரசனும், கோட்டை வாசலில் போர். ஒரு சிறுவன் கேட்கக்கூடிய எல்லாமே இருக்கிறது.

அதில் அமைச்சன் குடிலனை வரையும்போதுதான் காமிக்ஸின் பலம் எனக்கு முழுதாகப் புரிந்தது. மேடையில் அவன் அரசனிடம் குழைந்து பேசிவிட்டு, அரசன் போன பிறகுதான் தனிமொழியில் மனசைத் திறப்பான். காமிக்ஸில் காத்திருக்கவே வேண்டாம். ஒரே படக் கட்டத்தில், வால் வைத்த பேச்சுப் பலூனில் புகழ்ச்சி. பக்கத்திலேயே மேகம் மாதிரி வளைத்த பலூனில் நிஜமான எண்ணம். அரசன் ஜீவகன் வால் பலூனை மட்டும் கேட்கிறான், படிக்கிற பிள்ளை இரண்டையும் படிக்கிறது. "ஐயோ, நம்பாதீங்க!" என்று பக்கத்தைப் பார்த்துக் கத்திய பிள்ளைகள் உண்டு. நாடகம் வேண்டுவது அதைத்தானே?

அடுத்தது அளவு. நாற்பத்தெட்டுப் பக்கப் புத்தகம், பக்கத்துக்கு ஆறு கட்டம் என்றால் 288 கட்டங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். 'சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒற்றைச் சொல்லே ஒரு வரியை அடைத்துவிடும். கட்டத்துக்குப் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் படம் மூடிக்கொள்ளும். ஆக மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள் முடிக்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் ஆங்கிலத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் சொற்கள்! இங்கேதான் பலர் எல்லாக் காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு காட்சிக்கும் உயிர் இருக்காது. சில காட்சிகளை முழுசாக விட்டுவிட்டு, மீதியை நின்று நிதானமாக வரைவதுதான் சரி. ஹாம்லெட்டில் தந்தையின் ஆவி, நாடகத்துக்குள் நடக்கும் நாடகம், கல்லறை தோண்டுபவன், கடைசி வாள்சண்டை ஆகிய நான்கும் நன்றாக அமைந்தால் மற்றதைப் பிள்ளைகளே கோத்துக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டியது சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம்தான். கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பாவோடு வள்ளியாக நின்று பாடிய நாடகம். அதோடு இப்போது கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கோயில் நோம்பி என்றாலே வள்ளி கும்மி ஆட்டம் நடக்கிறது. கும்மி ஆசான் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு சின்னப் பிள்ளைகள் இன்னும் ஆசையாகக் கற்கிறார்கள். ஆக, கதை அவர்கள் காலிலேயே இருக்கிறது. அதைக் கைக்குக் கொண்டுவர வேண்டியதுதான் நம் வேலை.

முருகன் வேடனாக வந்து, வள்ளியின் வீட்டார் வரும் சத்தம் கேட்டதும் வேங்கை மரமாகி நிற்கும் இடம் இருக்கிறதே, அது காமிக்ஸுக்கென்றே அமைந்தது. வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் வேடன் தலையைத் திருப்புகிறான். தாளைப் புரட்டினால் மரம். எந்த விளக்கமும் வேண்டாம். வேடன் நின்ற அதே சாய்வில் அடிமரமும், வில் பிடித்த கை மாதிரி ஒரு கிளையும் இருந்தால் போதும், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். மேடையில் திரையை இழுத்துச் செய்கிற வித்தையைத் தாள் செய்துவிடுகிறது.

பாட்டை என்ன செய்வது? மேடையில் ஒரு பாட்டு நெடுநேரம் போகும். அதை முழுக்க அச்சடித்தால் யாரும் படிக்கப் போவதில்லை. பல்லவி ஒரு வரியை மட்டும் பெரிய எழுத்தில் பக்கத்தின் குறுக்கே ஓடவிட்டு, கீழே தினைப்புனம், பரண், கவண், பறக்கும் கிளிகள் என்று பேச்சில்லாமல் வரைகிறோம். தவிர்க்கவே முடியாத இடத்தில் கதை சொல்ல ஆள் வேண்டுமா, நாடகக் கோமாளியான பபூன் இருக்கிறார். அவர் மேடையிலும் கூட்டத்தோடு நேராகப் பேசுகிறவர்தான்; பக்க ஓரத்தில் நின்று பேசட்டும்.

அப்புறம் மொழி. முருகன் கிழவனாக வந்து தண்ணீர் கேட்கும் காட்சிக்கு ஒரு பெண் பிள்ளை எழுதிய வசனம்: "ஏனுங்க அப்பாரு, தண்ணி வேணுங்களா?" அப்படியே வைத்துக்கொண்டோம். வள்ளிக்கும் வேடர்களுக்கும் எங்கள் ஊர்ப் பேச்சு; நாரதருக்குப் புத்தகத் தமிழ். மனோன்மணீயத்தில் வேறு வழி. பிரிட்டனில் கிளாஸிக்கல் காமிக்ஸ் என்ற பதிப்பகம் ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஒரே ஓவியம், மூன்று விதமான உரை என்று வெளியிட்டது: மூல வரிகள், எளிய ஆங்கிலம், சுருக்க உரை. நாமும் இரண்டு உரையாவது போடலாம். எளிய உரையிலும் உச்சமான இடங்களில் சுந்தரம் பிள்ளையின் நாலைந்து அடிகளைத் தொடாமல் அப்படியே விட வேண்டும். அர்த்தம் முழுதாகப் புரியாவிட்டாலும் அந்த ஓசை பிள்ளைகள் காதில் விழட்டும்.

மூலம் கெடுமா என்று கேட்டீர்கள். மனோன்மணீயமே லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதையைத் தழுவியதுதான். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், மாக்பெத்தை 'மகபதி' ஆக்கினார். ஷேக்ஸ்பியரே பழைய கதைகளை எடுத்துத்தான் எழுதினார். தழுவுவது நாடகக்காரர்களின் பரம்பரைப் பழக்கம். படக்கதையைப் படித்த பிள்ளை இனி மூலம் பக்கமே போகாது என்று பயப்படுகிறவர்களிடம் நான் கேட்பது: படக்கதை இல்லாவிட்டால் மட்டும் போகப் போகிறதா? குடிலனைப் பிடித்துப் போனவன் அவன் இன்னும் என்னென்ன பேசினான் என்று ஒருநாள் தேடுவான். அந்த நம்பிக்கை எனக்கு நிறையவே இருக்கிறது.

உரிமைச் சிக்கலும் இல்லை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு வரைதான் பதிப்புரிமை. சுந்தரம் பிள்ளை 1897-இல், சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார்கள்.

நீங்களே தொடங்குவதாக இருந்தால் முழு நாடகத்தில் கை வைக்காதீர்கள். வள்ளியும் கிழவனும் சந்திக்கும் காட்சி, யானை வந்து அவள் பயப்படும் வரை, அது போதும். நாலு ஏ4 தாளை நடுவில் மடித்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். கறுப்பு மையில் வரைந்தால் தெருமுனை ஜெராக்ஸ் கடையிலேயே வேண்டிய பிரதிகள் எடுத்துக்கொள்ளலாம். பலூன்களில் எழுத்தை முதலில் எழுதிவிட்டு அப்புறம் முகங்களை வரையுங்கள்; மாற்றிச் செய்தால் தமிழ் எழுத்துக்கு இடம் பற்றாது.