கிழக்கு ஜெர்மனியின் கொடி: எந்த ஆண்டுக்கு எது?

கேள்வி: எங்கள் குறும்படத்தின் கதை கிழக்கு ஜெர்மனியில் மூன்று காலங்களில் நடக்கிறது. முதல் காட்சி 1957-இல் கிழக்கு பெர்லினில் உள்ள ஓர் அமைச்சக அலுவலகம். அடுத்தது 1974-இல் ரோஸ்டாக் துறைமுகம். கடைசியாக 1990 ஜூலையில் ஒரு சிற்றூரின் நகர மன்றம். மூன்று காட்சிகளுக்கும் சுத்தியலும் கவராயமும் பொறித்த கொடியையே தைக்கக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. நீங்கள் சொல்லும் சின்னக் கொடி துறைமுகக் காட்சிக்கு மட்டுமே பொருந்தும். அங்கும் எல்லாக் கப்பல்களுக்கும் பொருந்தாது.

முதலில் 1957. அந்த ஆண்டில் கிழக்கு ஜெர்மனியின் கொடி மேலே கறுப்பு, நடுவே சிவப்பு, கீழே பொன்னிறம் என்ற மூன்று சம அகலப் பட்டைகள் மட்டுமே கொண்டது. சின்னம் எதுவும் அதில் இல்லை. அதே காலத்தில் மேற்கு ஜெர்மனியில் பறந்த கொடியும் அச்சு அசலாக இதுவேதான். 1848 புரட்சியின்போது உயர்த்தப்பட்டு, பின்னர் முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் அமைந்த வைமார் குடியரசு ஏற்றுக்கொண்ட வண்ணங்கள் இவை; 1949-இல் சில மாத இடைவெளியில் பிறந்த இரு அரசுகளும் ஜெர்மனி முழுமைக்கும் தாமே உரிய வாரிசு என்று கருதியதால், இரண்டுமே இவற்றை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே உங்கள் அலுவலகக் காட்சியில் சின்னமற்ற கொடியை வைப்பது வெறும் ஆண்டுத் துல்லியம் மட்டுமன்று. நாடு இன்னும் ஒன்றாகலாம் என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தையே அது காட்டும். அரசுச் சின்னம் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அப்போதே வழக்கில் இருந்ததால், அதைச் சுவரில் தனியாக மாட்டலாம், கொடியில்தான் கூடாது.

சின்னம் கொடியில் ஏறியது 1959 அக்டோபர் 1 அன்று. தொழிலாளரைக் குறிக்கும் சுத்தியல், அறிவுத் துறையினரைக் குறிக்கும் கவராயம், உழவரைக் குறிக்கும் ரை தானியக் கதிர் வளையம், அதைச் சுற்றிய முந்நிற நாடா ஆகியவை அதன் உறுப்புகள். மேற்கில் இது ‘பிரிவினைக் கொடி’ எனத் தூற்றப்பட்டது. அங்கே பொது இடத்தில் ஏற்றினால் காவல்துறை தலையிட்டு அகற்றும் நிலை பத்தாண்டுக் காலம் நீடித்தது. ஒலிம்பிக்கில் சேர்ந்து ஆடிய ஜெர்மன் அணிக்கு எந்தக் கொடி என்ற சிக்கலும் இதனால்தான் எழுந்தது. 1960, 1964 போட்டிகளிலும், அணிகள் பிரிந்துவிட்ட 1968-லும்கூட, சிவப்புப் பட்டையில் ஐந்து வெள்ளை வளையங்கள் வரைந்த பொதுக் கொடியே பயன்பட்டது. கோடைக்கால ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனி தன் சொந்தக் கொடியுடன் முதன்முதலில் நடந்தது 1972-இல். அதுவும் மேற்கு ஜெர்மன் மண்ணான மியூனிக்கில்.

இனி ரோஸ்டாக். 1973 வரை வணிகக் கப்பல்களுக்குத் தனிக் கொடி உண்டு. அதில் சின்னம் சிறியதாக, கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் இருக்கும். 1973-இல் அது கைவிடப்பட்டதால், 1974-இல் சரக்குக் கப்பலின் பின்புறத்தில் நடுவே சின்னம் உள்ள அரசுக் கொடியையே கட்டுங்கள். போர்க்கப்பல் ஒன்று காட்சியில் வருமானால் அதற்கு அது ஆகாது: சிவப்புத் துணியின் நடுவே மெல்லிய முந்நிறப் பட்டை குறுக்காக ஓட, அதன் மீது இலைக்கிளைகள் சூழ்ந்த சின்னம் அமைந்ததே மக்கள் கடற்படையின் கொடி.

தைப்பவருக்கு இரண்டு குறிப்புகள். உயரத்துக்கும் நீளத்துக்கும் விகிதம் 3:5 என்பதால், கடைகளில் கிடைக்கும் 90×150 செ.மீ. அளவு சரியானதே. சின்னம் கொடியின் இரு பக்கங்களிலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டால் காற்றில் திரும்பும்போது பிழை தெரிந்துவிடும். துணி பளபளக்காமல் இருப்பது நல்லது.

1990 ஜூலைதான் பலரும் தவறும் இடம். கிழக்கு ஜெர்மனி அந்த ஆண்டு அக்டோபர் 3 வரை சட்டப்படி உயிரோடு இருந்ததால் சின்னக் கொடியும் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மார்ச் மாதத் தேர்தலில் அமைந்த புதிய நாடாளுமன்றம், பொதுக் கட்டடங்களிலிருந்து அரசுச் சின்னத்தை அகற்ற மே 31 அன்றே முடிவெடுத்துவிட்டது. எனவே நகர மன்றத்தில் மீண்டும் வெறும் முந்நிறக் கொடியையே ஏற்றுங்கள்; 1957-க்குத் தைத்ததே போதும், புதிதாகச் செலவிட வேண்டாம். சின்னத்தை வட்டமாக வெட்டியெடுத்த ஓட்டைக் கொடியை இங்கே பயன்படுத்தும் ஆசை வரலாம். அது 1989 இலையுதிர் காலம் தொடங்கி வீதியில் இறங்கிய மக்களின் கையில் இருந்த கொடி. அரசுக் கட்டடத்தின் கம்பத்தில் அதற்கு இடமில்லை.