காணாமல் போனவர்கள் – கடிதம்

வணக்கம் மேடம்,

பத்து வருடமாக மெல்பர்னில் இருக்கிறேன். மகளின் பள்ளியில் ஆன்ஸாக் தினம் (போரில் இறந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை நினைவுகூரும் நாள்) பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரல் 25 அன்று விடியற்காலை நினைவுக்கூட்டத்துக்கும் போக வேண்டுமாம். முதல் உலகப்போரில் துருக்கியின் கலிப்போலியில் தோற்றுத் திரும்பியதை ஒரு நாடு ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறது? அதுவும் வெள்ளைக்காரன் சண்டை. நாம் ஏன் குளிரில் போய் நிற்க வேண்டும்? கட்டுரையை நானே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். எந்தக் கோணத்தில் எழுதலாம் என்று சொல்லுங்கள்.

கே., மெல்பர்ன்

அன்புள்ள கே,

தோல்வியை ஏன் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று அந்த நாட்டுக்காரர்களே நூறு வருடமாக விவாதித்து எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஊர் நூலகத்திலேயே கிடைக்கும். 50 லட்சம் பேர்கூட இல்லாத நாட்டிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முதல் உலகப்போருக்குப் படையில் சேர்ந்தார்கள். 60,000 பேர் திரும்பவில்லை. இத்தனை வீடுகளில் இழவு விழுந்த பிறகு வெற்றியா தோல்வியா என்று பார்த்தா அழுவார்கள்?

வெள்ளைக்காரன் சண்டை என்று எழுதியிருப்பது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. கலிப்போலியின் மலைச்சரிவுகளில் கோவேறு கழுதைகள் மேல் தண்ணீரும் தோட்டாவும் ஏற்றிப்போன இந்தியர்களை உங்களுக்குத் தெரியாதா? ஐரோப்பிய வம்சாவளி இல்லாதவர்களை ஒதுக்கிய விதியையும் மீறி, ஆயிரத்துக்கு அதிகமான ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஆஸ்திரேலியப் படையில் இருந்தார்கள். பத்து வருடம் அங்கே உப்பைத் தின்றுவிட்டு இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

சரி, அது போகட்டும். உங்கள் கடிதம் வந்த சமயத்தில் நான் வேரா டீக்கினைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ஆல்ஃபிரட் டீக்கினின் மகள். பெர்லினிலும் புடாபெஸ்ட்டிலும் இசை படித்தவர். 1915 அக்டோபரில், 23 வயதில், கெய்ரோவுக்குப் போய் ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் ஓர் அலுவலகம் தொடங்கினார். காயம்பட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் பற்றி வீட்டார் கேட்டால் விசாரித்துச் சொல்வதுதான் அதன் வேலை. அடுத்த வருடம் அது லண்டனுக்கு மாறியது.

'காணவில்லை' என்ற ஒற்றை வார்த்தையோடு ராணுவத்திலிருந்து வீட்டுக்குத் தகவல் வரும். அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றும் வராது. வேராவின் ஆட்கள் பெயர்ப்பட்டியலோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், கட்டிலில் கிடக்கும் சிப்பாய்களிடம் கேட்பார்கள். இவனைத் தெரியுமா? கடைசியாக எங்கே பார்த்தாய்? உயரமா, குட்டையா? தலைமுடி என்ன நிறம்? என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? ஒருவன், குண்டு விழுந்த இடத்தில் கண்ணால் பார்த்தேன் என்பான். இன்னொருவன், அதற்குப் பிறகு நடந்துபோனதைப் பார்த்தேன் என்பான். இரண்டையும் எழுதி, ஒத்துப் பார்த்து, தாய்க்குக் கடிதம் போவது வரை அங்கேதான். அப்படிச் சுமார் 32,000 பேருக்குக் கோப்புகள் இருக்கின்றன. போர் என்றால் துப்பாக்கி தூக்கியவர்களை மட்டுமே எண்ணுகிற நமக்கு இந்த வேலை கண்ணிலேயே படுவதில்லை. என்னைக் கேட்டால், அந்தப் போரில் ஆஸ்திரேலியா செய்த காரியங்களில் ஆகப் பெரியது இதுதான்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எங்கள் வீட்டில் ஒரு பெரியம்மா பாட்டி இருந்தார். அவர் கணவர் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போனவர். இரண்டாம் உலகப்போரில் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போனான் என்று திரும்பி வந்த யாரோ சொன்னதோடு சரி. செத்தார் என்று சொல்ல ஆளில்லை. பாட்டி பொட்டை அழிக்கவில்லை. கல்யாண வீடுகளில் குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டு வரும் பெண் அவர் முன்னால் வந்ததும் ஒரு கணம் தயங்குவாள். கொடுப்பதா, தாண்டிப்போவதா? அந்தத் தயக்கத்தைப் பார்க்கப் பொறுக்காமல் பாட்டி தானே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். திதி கொடுக்கக்கூட ஒரு நாள் கிடையாது.

அதே ரயில் பாதையில் 1942-43-ல் ஆஸ்திரேலியக் கைதிகளும் வேலை செய்தார்கள். சுமார் 2,800 பேர் செத்தார்கள். யார் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று சக கைதிகள் ரகசியமாக எழுதி ஒளித்து வைத்தார்கள். 1945-ல் போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போய்க் கல்லறைகளைத் தேடினார்கள். இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள், கணக்கே சரியாகக் கிடையாது. அவர்கள் பெயரை யாரும் விசாரித்து எழுதவில்லை. அன்றைய அரசாங்கமும் எழுதவில்லை, பிறகு வந்தவர்களும் எழுதவில்லை. பட்டினியும் காலராவும் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரிதான் கொன்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரான்ஸில் ஃப்ரொமெல் என்ற இடத்தில் 1916 ஜூலை 19 மாலை தொடங்கிய சண்டையில், விடிந்து முடிவதற்குள் ஆஸ்திரேலியர்கள் 5,533 பேர் செத்தும் காயம்பட்டும் பிடிபட்டும் போனார்கள். தங்கள் பக்கம் விழுந்துகிடந்த ஆஸ்திரேலியர்களை ஜெர்மானியர்கள் குழிவெட்டிப் புதைத்தார்கள். அவர்கள் தந்த தகவல்கள் செஞ்சிலுவைக் கோப்புகளில் அப்படியே இருந்தன. லாம்பிஸ் எங்லெசோஸ் என்ற ஓய்வுபெற்ற மெல்பர்ன் ஆசிரியர் இப்படிப்பட்ட பதிவுகளை வைத்துக்கொண்டு விடாமல் வாதாடினார். 2008-ல் அந்தக் குழி கண்டுபிடிக்கப்பட்டது. 250 உடல்கள். மரபணுச் சோதனையில் 150-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. என்றோ எழுதி வைத்த தாள், கே!

ஆகவே கட்டுரையை நீங்கள் எழுதித் தராதீர்கள். அது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம். உங்கள் புறநகரிலும் ஒரு போர் நினைவுச்சின்னம் இருக்கும். கூட்டிப்போய், அவளே ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கட்டும். ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையதளத்தில் அந்தக் கோப்புகள் இருக்கின்றன, தேடச் சொல்லுங்கள். எல்லாப் பெயருக்கும் கிடைக்காது, கிடைக்காவிட்டால் அடுத்த பெயர். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஒருவன் சொன்னதை அவள் தானே படித்துவிட்டு எழுதட்டும். 25-ஆம் தேதி நல்ல கம்பளிச் சட்டை போட்டு அழைத்துப் போங்கள். கட்டுரை முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை.