சக மாணவரின் கட்டுரைக்கு உதவ மாணவருக்கே பயிற்சி தேவையா?

"நன்றாக எழுதும் மாணவரை உட்கார வைத்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நன்றாக எழுதுபவருக்குத்தான் கை அரிக்கும். பிழையைக் கண்டதும் தானே திருத்திவிடுவார். கட்டுரை தேறும், எழுதியவர் தேறமாட்டார்.

ஆகவே முதல் பாடம், பேனாவைத் தொடாமல் இருப்பது. எழுதியவரையே சத்தமாக வாசிக்கச் சொன்னால் பல பிழைகள் அவர் காதிலேயே மாட்டும். அப்புறம், "இந்தப் பத்தியில நீ என்ன சொல்ல வந்த?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்த மௌனம்தான் பழகக் கடினம். வாதமும் வரிசையும் சரியான பிறகே எழுத்துப்பிழை. நீக்கப்போகும் பத்தியில் ஒற்றுத் திருத்தி என்ன பயன்?

1970களில் நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர் கென்னத் புரூஃபி இந்தப் பயிற்சியை ஒரு பாடமாகவே நடத்தினார். பயிற்சி பெறுபவர்களும் கட்டுரை எழுதினார்கள், ஒருவர் எழுத்தை ஒருவர் விமர்சித்தார்கள். எனக்கு இதுவே சிறந்த வழியாகத் தோன்றுகிறது. தன் எழுத்து அடிபட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்தான் அடுத்தவரிடம் பதமாகப் பேசுவார். ஒரு நாள் பயிலரங்கில் அது வராது.