ஜூன் நெருங்கினாலே மனம் கனக்கிறது: விருப்ப ஓய்வு பெறலாமா?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. 1995 ஆகஸ்டில் பணியில் சேர்ந்தேன், பழைய ஓய்வூதியத் திட்டம். வயது 57, 2029 பிப்ரவரியில் ஓய்வு. அடிப்படை ஊதியம் 84,000 ரூபாய், ஊதிய உயர்வு ஜூலை 1. வீட்டுக் கடன் பாக்கி 9 லட்சம், மாதத் தவணை 22,000. மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறான். ஆண்டுக் கட்டணம் 90,000. குடும்பச் செலவு மாதம் 40,000. கணவருக்குக் கடையிலிருந்து 12,000 வருகிறது. முன்பெல்லாம் பள்ளி திறக்கும் வாரம் என்றால் புதுப் புடவை எடுத்துவைப்பேன். இப்போது மே 20 தாண்டினாலே தூக்கம் போய்விடுகிறது. கைப்பேசியில் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையத்தளம்) பதிவு, ஆசிரியர் தகுதித் தேர்வுப் பேச்சு, பெயரே மனதில் நிற்காத புது முகங்கள். விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுத்துவிடலாமா? — வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: வணக்கம் டீச்சர். முதலில் தகுதித் தேர்வு பயத்தைக் கழித்துவிடுவோம். 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர்கள் தகுதித் தேர்வு எழுதாமலே பணியில் தொடரலாம்; பதவி உயர்வு கேட்டால்தான் தேர்வு. நீங்கள் அந்த வரம்புக்குள் இருக்கிறீர்கள். ஆசிரியர் அறையில் யார் என்ன சொன்னாலும் இது உங்களைத் தொடாது.

இனி கணக்கு. முழு ஓய்வூதியத்துக்கு வேண்டிய 30 ஆண்டுகளைச் சென்ற ஆண்டே முடித்துவிட்டீர்கள். அடிப்படை ஊதியத்தில் பாதியான ஓய்வூதியம் 42,000, அகவிலைப்படியை 58 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 66,360 ரூபாய். வீட்டுச் செலவு, தவணை, மகன் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 69,500 ஆகிறது. கடை வருமானத்தையும் சேர்த்தால் கையில் 78,000. ஓய்வின்போது மொத்தமாக வரும் பணிக்கொடையைத் தொடாமலே குடும்பம் ஓடும். ஆகவே பணம் உங்களைப் பிடித்து வைத்திருக்கவில்லை. இதைச் சொல்லும்போது பலர் நிம்மதி அடைவதற்குப் பதில் திகைக்கிறார்கள். ‘கடன் இருக்கிறதே’ என்று சொல்லிக்கொண்டிருந்த காரணம் கைநழுவிப் போகிறதல்லவா!

போனால் என்ன இழப்பு? இன்றைய சம்பளம், வீட்டு வாடகைப் படி நீங்கலாக, 1,32,720. அதில் பாதி வீட்டில் இருந்தாலும் வரும். மீதிப் பாதிக்காகத்தான் இனி வகுப்புக்குப் போகிறீர்கள். 2029 பிப்ரவரி வரை அது வரிக்கு முன் சுமார் 22 லட்சம். அத்துடன் மூன்று ஊதிய உயர்வுகளால் ஓய்வூதியம் படியோடு சேர்த்து மாதம் ஆறாயிரம் அளவுக்குக் கூடியிருக்கும். சிறிய தொகை அல்ல. ஆனால் தூக்கம் கெட்டு, இரத்த அழுத்த மாத்திரையோடு சம்பாதிக்க வேண்டிய தொகையும் அல்ல.

அப்படியானால் உடனே எழுதிக்கொடுக்கச் சொல்கிறேனா? இல்லை. மே கடைசி வாரத்தில் எந்த ஆசிரியரும் இந்த முடிவை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. இதே கேள்வி எனக்கு மே மாதத்தில் வருவதுபோல் ஜூலையில் வருவதில்லை. பாடப்புத்தகக் கட்டுகள் பிரிக்கப்பட்டு, வருகைப் பதிவேட்டில் பெயர்கள் ஏறி, கடைசி பெஞ்சுக்காரன் யார் என்று தெரிந்த பிறகு பலருக்குப் பாரம் இறங்கிவிடுகிறது. சிலருக்கு இறங்குவதில்லை. காலாண்டுத் தேர்வு விடுமுறை வரை பாருங்கள். அப்போதும் திங்கட்கிழமை காலையில் வயிற்றைப் பிசைந்தால், தயங்காமல் எழுதிக்கொடுங்கள். மூன்று மாத முன்னறிவிப்பு எப்படியும் வேண்டும். ஏற்றுக்கொண்டு ஆணை வந்தபின் மனம் மாறினால் திரும்ப வழியில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஜூலை 1 ஊதிய உயர்வு சுமார் 2,500 ரூபாய். அதில் பாதி ஓய்வூதியத்தில் ஏறும். படியோடு மாதம் ஏறக்குறைய 2,000, ஆயுள் முழுக்க.

பணிக்கொடை 20 லட்சத்தை ஒட்டி வரும். அதிலிருந்து 9 லட்சத்தை எடுத்து வீட்டுக் கடனை முடித்துவிடுங்கள். மீதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்கு 55 வயதிலிருந்தே அனுமதி உண்டு, ஆனால் ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் போட வேண்டும். இப்போதைய வட்டி 8.2 சதவீதம், 11 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 22,550 ரூபாய். மகனின் கடைசி ஆண்டுக் கட்டணம் அதிலேயே அடங்கிவிடும்.

கம்யூட்டேஷன் பற்றி நீங்கள் கேட்கவில்லை. சக ஆசிரியர்கள் கட்டாயம் சொல்வார்கள். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் சுமார் 14 லட்சம் மொத்தமாக வரும். பதிலுக்கு 15 ஆண்டுகள் மாதம் 14,000 பிடிப்பார்கள். எட்டு சதவீதத்துக்குச் சற்று மேலான வட்டியில் கடன் வாங்குவது போலத்தான் இது. தேவை இருந்தால் வாங்குங்கள். ‘எல்லோரும் வாங்குகிறார்கள்’ என்பது தேவை ஆகாது. அந்தப் பணத்தைக் காப்பீட்டோடு கலந்த முதலீட்டில் போடச் சொல்லி முகவர் ஒருவர் பள்ளிக்கே வருவார். பெரும்பாலும் முன்னாள் சக ஆசிரியராகவே இருப்பார். தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முடிவு எதுவானாலும் ஜூன் முதல் வாரத்திலேயே பணிப்பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். இடமாறுதல் பெற்ற பள்ளிகளின் பணிக்காலச் சரிபார்ப்பு, மகப்பேறு விடுப்பு, பணிக்காலத்தை ஒட்டி வரும் தேர்வுநிலை, சிறப்புநிலை ஊதிய ஆணைகள், வாரிசுதாரர் பெயர்ப் பதிவு ஆகியவற்றில் ஒரு பதிவு விட்டுப்போயிருந்தாலும் ஓய்வூதியக் கருத்துரு (ஓய்வூதியம் கோரி அனுப்பும் கோப்பு) மாதக்கணக்கில் கிடக்கும். பழைய பள்ளியின் தலைமையாசிரியரைத் தேடிக் கையெழுத்து வாங்க, பணியில் இருக்கும்போதுதான் வசதி.