சின்ன வகுப்பில் கண்டிப்பா, பாசமா?

கேள்வி: டி.எல்.எட். (தொடக்கப் பள்ளி ஆசிரியர் பட்டயப் படிப்பு) படிக்கிறேன். அடுத்த மாதம் டீச்சிங் பிராக்டிஸ். பாசமாகப் பேசினால் பிள்ளைகள் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள், அதட்டினால் அழுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் மீடியம் எல்.பி. (தொடக்கப்) பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். பாசத்தால் வகுப்பு கெட்டு நான் பார்த்தது குறைவு. பிள்ளைகள் கைக்கு வேலை இல்லாமல் போகும்போதுதான் கெடுகிறது.

சத்தம் எப்போது கிளம்புகிறது என்று கவனியுங்கள். முதுகைக் காட்டிக்கொண்டு போர்டு நிறையப் படம் வரையும்போது. சார்ட்டைத் தேடிப் பையைக் குடையும்போது. ஒவ்வொரு நோட்டாகத் திருத்த, முடித்தவன் சும்மா நிற்கும்போது. இன்டர்வெல் முடிந்து உள்ளே வரும் அந்த இரண்டு நிமிடத்தில். லெசன் பிளானில் நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு எல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நோட்டை யார் எடுத்துக் கொடுப்பது, முதலில் முடித்த பிள்ளை அடுத்து என்ன செய்வது என்று ஒரு வரி இருக்காது. அதை எழுதுங்கள். என் வகுப்பில் முடித்தவர்கள் நோட்டைத் திறந்தபடி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் படப்புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். பள்ளி திறக்கும் ஜூன் மாதம் பெரும்பாலும் இதைப் பழக்குவதிலேயே போய்விடும், பாடம் கொஞ்சம் பின்தங்கும். பரவாயில்லை, அதற்குப் பிறகு தொண்டை பிழைக்கும்.

இரண்டாவது, செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். "இனி பேசினா எல்லாரையும் வெளியே நிறுத்திடுவேன்" என்று நீங்கள் சொன்னால், வெறும் மிரட்டல் என்று ஆறு வயசுப் பிள்ளை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். "பந்தை என் மேசையில வை, மணி அடிச்சதும் எடுத்துக்கோ" என்றால் வாங்கி வைத்தே ஆக வேண்டும். மணி அடித்ததும் அவன் கேட்காமலே திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் பாதியைச் சரியாகச் செய்வார்கள், இரண்டாவதை மறந்துவிடுவார்கள். அடுத்த முறை அவன் பந்தைத் தருவதும் ஒளிப்பதும் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

பெற்றோர் வருவார்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர்" என்பார்கள். சிரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதோடு மனத்துன்புறுத்தலையும் தடுக்கிறது. "உங்க அக்கா எப்படிப் படிச்சா, நீ ஏன் இப்படி" என்பதையும் அதில் சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்கள். "டீச்சரே, குட எடுக்கான் மறந்துட்டேன்" என்று ஒருத்தி சொன்னால், "குடை எடுக்க மறந்துட்டியா, சரி, மழை விடட்டும்" என்று பதில் சொன்னாலே போதும். எல்லோர் முன்னாலும் திருத்தினால் அவள் அடுத்த வாரம் வரை வாயே திறக்கமாட்டாள். வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும், அந்த அமைதி எதற்கு? வீட்டு நிலவரமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். கள்ளிறக்கப் போகிறவர்கள் வீட்டில் விடியுமுன்னே அடுப்பு எரியும். அந்தப் பிள்ளை மதியச் சோற்றுக்குப் பிறகு பெஞ்சில் சாய்ந்தால் உங்கள் பாடத்தை அவமதிக்கிறதென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பயிற்சிக்காலத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. நீங்கள் திணறும்போது வகுப்பு டீச்சர் உதவி செய்வதாக நினைத்து ஒரு அதட்டல் போடுவார். வகுப்பு அடங்கும், ஆனால் அன்றிலிருந்து பிள்ளைகள் உங்களைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்ப்பார்கள். முதல் நாளே, "நான் கேட்டா மட்டும் வாங்க டீச்சர்" என்று பணிவாகச் சொல்லி வையுங்கள். எந்தத் தேதியில் கிளம்புவீர்கள் என்பதைப் பிள்ளைகளிடமும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.