ஸ்னோடன் ஏறியாச்சு, அடுத்து கிரிப் கோக் போகலாமா?

லெஸ்டர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "வேல்ஸ்ல ஸ்னோடனை லான்பெரிஸ் பாதை வழியா ரெண்டு தடவை ஏறிட்டோம், பெருசா கஷ்டமா தெரியல. இந்த வாட்டி கிரிப் கோக் வழியா போலாம்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. கயிறு இல்லாம போக முடியுமா?"

முடியும், கோடையில நிறைய பேர் கயிறு இல்லாமதான் போறாங்க. ஆனா நல்லா நடப்போம்ங்குறதை மட்டும் நம்பி அங்க போயிடாதீங்க. கிரிப் கோக்ங்குறது ஸ்னோடனுக்குப் போற வழியில இருக்குற ஒரு பாறை முகடு, உயரம் 923 மீட்டர்தான், ஸ்னோடன் உச்சியைவிட (1085 மீட்டர்) கம்மி, ஆனா அங்க கையும் வச்சு ஏறணும், மேல போனா கத்தி முனை மாதிரி முகடு, வலது பக்கம் கிட்டத்தட்ட செங்குத்தா பள்ளம், நடுவுல யாருக்காவது பயம் வந்துச்சுன்னா சுலபமா இறங்க பக்கப் பாதை கிடையாது. ஏறின பாறையிலயே திரும்பி இறங்குறது இன்னும் மோசம், கால் எங்க வைக்கிறோம்னே தெரியாது.

அதனால முதல்ல வேல்ஸ்லயே இருக்குற ட்ரைஃபன் மலையோட வடக்கு முகடு போயிட்டு வாங்க. ஏ5 ரோட்டோரத்துலயே ஆரம்பிக்குது, அதுலயும் கை வேணும், வழி தேடணும், ஆனா முகடு அகலம், அந்தரத்துல நிக்கிற உணர்வு ரொம்ப கம்மி. இல்லன்னா இங்கிலாந்துல லேக் டிஸ்ட்ரிக்ட்ல ஹெல்வெலின் மலைக்குப் போற ஸ்ட்ரைடிங் எட்ஜ் முகடு, அங்க முகட்டுக்குக் கொஞ்சம் கீழயே இன்னொரு பாதை கூடவே வருது. கடைசில ஒரு பாறை இடுக்கு வழியா இறங்கணும், அங்க உங்க ஆளுங்க எப்படி சமாளிக்கிறாங்கன்னு நல்லா கவனிங்க. அதிகமா பயப்படுறவரை வச்சுதான் கிரிப் கோக்கை முடிவு பண்ணணும், தைரியசாலியை வச்சு இல்ல.

அதுக்கப்புறம் போறதுன்னா, பாறை காஞ்சிருக்கணும், காத்து இருக்கக்கூடாது. மலைக்குன்னு தனியா வர்ற வானிலை அறிக்கையைப் பாருங்க, உச்சியில மணிக்கு 25 மைலுக்கு மேல காத்துன்னு போட்டிருந்தா நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன். ஸ்னோ, ஐஸ் இருந்தா அது ஐஸ் கோடாரி, க்ராம்பான் (பூட்ஸ்ல மாட்டுற இரும்பு முள்) எல்லாம் பழகினவங்களுக்கான இடம், பேச்சே வேண்டாம்.

பென் இ பாஸ் கார் பார்க்ல ஆரம்பிச்சு பிக் ட்ராக்ங்குற நடைபாதையில ஏறுங்க, கணவாய் வந்ததும் பிக் ட்ராக் இடது பக்கமா போயிடும், கிரிப் கோக் நேரா மேல. முகட்டுல நிமிர்ந்து நடக்கணும்னு அவசியமே இல்ல, இடது பக்கம் கொஞ்சம் கீழ காலை வச்சு, முகட்டு விளிம்பைக் கையால பிடிச்சுக்கிட்டே போங்க. கடைசில கோபுரம் கோபுரமா பாறை வரும், முடிஞ்சுடுச்சுன்னு அசந்துடாதீங்க, நிதானம் வேண்டியதே அங்கதான். அதைத் தாண்டினா புல்தரை, அப்புறம் ஸ்னோடன், இறங்க பிக் ட்ராக் போதும்.

பென் இ பாஸ் கார் பார்க்கிங்கை முன்னாடியே புக் பண்ணிடுங்க. மாட்டிக்கிட்டா 999 அடிச்சு முதல்ல போலீஸ் கேளுங்க, அப்புறம் மவுன்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) வேணும்னு சொல்லுங்க. சிக்னல் மோசமா இருந்தா மெசேஜ் அனுப்ப, உங்க நம்பரை இப்பவே 999-ல ரிஜிஸ்டர் பண்ணி வச்சுக்கோங்க.