பென்-ஆரி மூளை வளர்ச்சியிலிருந்து வலிப்பு ஆய்வுக்கு எப்படி வந்தார்?

பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் யெஹெஸ்கெல் பென்-ஆரியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் வந்த வழி நேர் எதிரானது. 1970களின் இறுதியில் கைனிக் அமிலத்தால் எலிகளுக்கு வலிப்பை உண்டாக்கி, அது மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸை எப்படிச் சிதைக்கிறது என்று ஆராய்ந்தார். இளம் மூளையின் பக்கம் திரும்பியது அதன் பிறகுதான்.

1989இல் அவரது குழு வெளியிட்ட முடிவு இன்றும் என்னை வியக்கவைக்கிறது. முதிர்ந்த மூளையை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருள், பிறந்து சில நாள்களேயான எலிக்குட்டியின் நரம்பணுக்களைத் தூண்டிவிடுகிறது! இளம் நரம்பணுவுக்குள் எதிர்மின்னூட்டமுள்ள குளோரைடு அதிகம். நரம்பணுவின் வாயிலைக் காபா திறந்ததும் குளோரைடு வெளியேறுகிறது, நரம்பணு கிளர்ச்சியடைகிறது. காபாவின் செயலை வலுப்படுத்தும் பினோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்து, பச்சிளங்குழந்தைகளின் வலிப்பைப் பல நேரங்களில் நிறுத்தத் தவறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். உள்ளே சேரும் குளோரைடைக் குறைக்கும் புமெடனைடு என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பியச் சோதனையோ, பலன் தெளிவாகாமலும் செவித்திறன் பாதிப்பு தென்பட்டதாலும் பாதியில் நிறுத்தப்பட்டது.